சுமோ ரோபோவும் என் வலது கையும்

போன டிசம்பரில், ஊட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் எதுவும் இல்லை. ரோபோக்களுக்குக் குஸ்தி. இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதுவேன் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், போய் முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன்.

நான் குன்னூர்க்காரி. தேயிலையை ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில், டீ ருசி பார்க்கும் அறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நீளமான மேஜை, அதில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். சாம்பிள் தூளை அளந்து போடுவதும், வெந்நீர் ஊற்றுவதும், ருசி பார்க்கிறவர் உறிஞ்சித் துப்பிக்கொண்டே நகர்ந்த பிறகு கழுவி அடுக்குவதுமாக என் காலம் போனது. அவருடைய முழங்கை பட்டுக் கோப்பை நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். கீழே விழுவதற்குள் பிடித்தாக வேண்டும். என் வலது கைக்கு அது அவ்வளவு பழகிவிட்டது, என்னைக் கேட்காமலே போய்விடும். வேலையை விட்ட பிறகும் வீட்டில் எதுவும் விழுந்து உடைந்ததில்லை.

என் மகனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில்தான். வீட்டில் நானும் மருமகளும் மட்டும். அவள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்கு வந்த பிறகு அவள் படிப்புக்கு ஏற்ற வேலை எதுவும் அமையவில்லை. நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு ரொம்பக் குறைவு. "சாப்பிட்டீங்களா அத்தை", "கடைக்குப் போகணுங்களா அத்தை" என்பதோடு முடிந்துவிடும். என்மேல் கோபமா, ஊர்மேல் கோபமா, குளிர்மேல் கோபமா என்று எனக்கு விளங்கியதே இல்லை.

பேசாத நேரமெல்லாம் அவள் ரோபோ செய்தாள். எங்கள் சாப்பாட்டு மேஜை முழுவதும் வயரும் ஸ்குரூவும் மோட்டாரும்தான். சாப்பிடுவது என்னவோ மடியில் தட்டு வைத்துத்தான். ஒருநாள் என் தோசைத் திருப்பியைக் காணோம் என்று தேடினால், அது வெட்டப்பட்டு, தீட்டப்பட்டு, ஒரு கறுப்புப் பெட்டியின் முன்னால் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. எதிரியின் அடியில் நுழைந்து தூக்கிவிடுவதற்காம். அன்றைக்குத் தோசை வட்டமாக வரவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

போட்டி என்னவென்று அவள்தான் விளக்கினாள். வட்டமான ஒரு கறுப்புப் பலகை. அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு. அதில் இரண்டு குட்டி ரோபோக்களை விட்டுவிட வேண்டும். கையில் ரிமோட் கிடையாது, அதுவே எதிரியைத் தேடிக் கண்டுபிடித்துத் தள்ள வேண்டும். வட்டத்தை விட்டு வெளியே விழுந்தால் தோல்வி. ஜப்பானில் குண்டு குண்டாக மனிதர்கள் செய்வார்களே, அதேதான். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். எதற்காக என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

போட்டி நாள் காலையில் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவள் என் மகனோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பலகைச் சுவர் அப்படி.

"இதுல செயிச்சா போட்டி நடத்தற அந்தக் கோயமுத்தூர் கம்பெனியே டிரெய்னிங் குடுத்து வேலைக்கு எடுத்துக்குவாங்க. செயிச்சா மட்டும் அத்தைகிட்டச் சொல்றேன். தோத்துட்டா சொல்லவே வேண்டாம். எல்லாத்தையும் வித்துட்டு, விட்டுடறேன்."

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தேயிலையிலேயே வாழ்ந்த ஒருத்தி டீயைப் பொங்கவிட்டேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். அவள் ஜெயித்தால் கோயம்புத்தூர் போய்விடுவாள். வீட்டில் நானும் டிவியும்தான். தோற்றால் இங்கேயே இருப்பாள். ஆனால் அந்த மேஜை காலியாகிவிடும், அவள் முகமும் காலியாகிவிடும். ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, தோற்க வேண்டும் என்றா? பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்றேன், ஒன்றும் கேட்கத் தோன்றாமல் திருநீறு மட்டும் பூசிக்கொண்டு வந்தேன். நானும் கூட வரட்டுமா என்று அவளிடம் கேட்டேன். அதை எதற்குக் கேட்டேன் என்றும் தெரியாது. அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

மண்டபத்தில் போய்ப் பார்த்தால், தாலி கட்டும் மேடையில் கம்ப்யூட்டர். சாப்பாட்டுப் பந்தி நடக்கும் இடத்தில், இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் அந்த வட்டப் பலகை. கீழே ஜமக்காளம் விரித்திருந்தார்கள், ரோபோ விழுந்தால் அடிபடாமல் இருக்க. காலேஜ் பிள்ளைகள், கம்ப்யூட்டர் கடைக்காரர்கள், ஒரு பல் டாக்டர் என்று பலதரப்பட்ட ஆட்கள் ஆளுக்கொரு டப்பாவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. ஒரு டீமுக்கு இரண்டு பேர் வேண்டும். மருமகளின் தோழி மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டியவள். முதல் நாள் மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து, அவள் வந்த பஸ் பர்லியாறுக்குக் கீழேயே நின்றுவிட்டது. இரண்டாவது ஆள் இல்லையென்றால் டீமே கிடையாது என்று நடுவர் சொல்லிவிட்டார். கோயம்புத்தூர்க்காரப் பையன் அவர், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். மருமகள் சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க வந்து என்ற கூட நிக்கறீங்களா?"

"எனக்கு இதுல என்ன தெரியும் அம்மிணி?"

"ஒண்ணும் தெரிய வேண்டாங்க. கையக் கட்டிட்டு நின்னீங்கன்னாப் போதும்."

கல்யாணத்துக்கு வந்தவளை மணையில் உட்கார வைத்த கதையாக, நான் சுமோ வீராங்கனை ஆனேன்.

அதன் பிறகு நடந்ததில் பாதி எனக்கு இன்னும் புரியவில்லை. முதலில் ரோபோவை எடை போட்டார்கள். பிறகு அதை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் தூக்கினார்கள். தாள் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால், சக்கரத்தில் பசை தடவியிருக்கிறோம் என்று அர்த்தமாம். வரவில்லை. எனக்கு ஏதோ என் நாணயத்தையே சோதித்ததுபோல இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பக்கத்தாரும் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்றார்கள். எல்லோரும் ஜப்பான் மாதிரி குனிந்தார்கள். எனக்கு இடுப்பு ஒத்துழைக்காது. கைகூப்பிக் கும்பிட்டேன். எதிரே நின்ற பிள்ளைகளும் பதறிப்போய்க் கைகூப்பினார்கள்.

முதல் ஆட்டத்தில் மருமகள் பட்டனை அழுத்திவிட்டுப் பின்னால் வந்தாள். ரோபோ அசையவே இல்லை. "ஐயோ, கெட்டுப் போச்சா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். மண்டபமே சிரித்தது. பட்டனை அழுத்தியதும் ஐந்து விநாடி அப்படியே நிற்க வேண்டும் என்பது விதியாம். விதியை முன்னாலேயே சொல்ல மாட்டார்களா? நான் அவளைத் திரும்பிப் பார்ப்பதற்குள் டமால் என்று ஒரு சத்தம், எதிரி ஜமக்காளத்தில் கிடந்தது. "செயிச்சுட்டோங்க அத்தை" என்றாள் மருமகள். என்னவோ பிடித்துப்போயிற்று எனக்கு. சக்கரத்தில் ஒட்டும் தூசியை ஈரத்துணியால் துடைத்துக் கொடுப்பது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டேன். அவளும் தடுக்கவில்லை. அடுத்தடுத்து ஜெயித்தோம். ஒவ்வொரு முறையும் சந்தோஷம் பொங்கி வரும், அதற்குப் பின்னாலேயே கோயம்புத்தூர் பஸ் ஞாபகம் வரும். சிரித்த வாய் பாதியில் நின்றுவிடும்.

இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே வந்தவர், ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எமரால்டு என்ற ஊர்க்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் மஃப்ளர், நகத்திலெல்லாம் செம்மண். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவராம், ரோபோ செய்வது பொழுதுபோக்காம். உதவிக்குத் தம்பியை அழைத்து வந்திருந்தார். அவருடைய ரோபோவும் கறுப்புப் பெட்டிதான், அதன் முன்னாலும் ஒரு தகடுதான். முதல் சுற்று எங்களுக்கு, இரண்டாவது சுற்று அவருக்கு. மூன்றாவது சுற்றில் ஜெயிக்கிறவருக்குக் கோப்பை, வேலை, எல்லாம்.

அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் திறந்துவைக்க, வெளியே இருந்த மஞ்சு, அதாவது மலையில் இறங்கும் மூடுபனி, சாவகாசமாக உள்ளே வந்தது. எங்களுக்கு அது தினமும் வந்துபோகும் விருந்தாளி. பாவம், நடுவர் புகை என்று பயந்து வயர்களையெல்லாம் மோந்து பார்த்தார். எமரால்டுக்காரரும் நானும் ஒரே நேரத்தில் "மஞ்சுங்க" என்றோம். கதவைச் சாத்திவிட்டு ஆட்டத்தை ஆரம்பித்தார்கள்.

மருமகள் பட்டனை அழுத்தினாள், பின்னால் வந்தாள். கறுப்பும் கறுப்பும் மோதின. சுற்றின. மறுபடி மோதின. எது எங்களுடையது, எது அவருடையது என்று எனக்குக் குழம்பிவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நான் நின்ற பக்கமாகவே வந்தன. வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒன்று சரிந்தது. அது சரிகிற பக்கத்தில் ஜமக்காளம் மடங்கிக் கிடந்தது, கீழே வெறும் மொசைக் தரை.

என் கை போய்விட்டது.

பிடித்தும்விட்டேன். உள்ளங்கையில் அந்தப் பெட்டி கோழிக்குஞ்சு மாதிரி துடித்தது, சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பத்திரமாகப் பிடித்துவிட்டேன் என்ற திருப்தியோடு நிமிர்ந்து பார்த்தால், மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வட்டத்தின் மேல் ஒரு ரோபோ தனியாக நின்றது. அதன் முன்னால் என் தோசைத் திருப்பி பளபளத்தது.

என் கையில் இருந்தது எமரால்டுக்காரருடையது.

"ஸ்டாப், ஸ்டாப்" என்று நடுவர் அப்போதுதான் கத்தினார். அவர் சொல்வதற்கு முன்னால் யாரும் உள்ளே கைநீட்டக் கூடாது, நீட்டினால் பாயிண்ட் எதிர்ப்பக்கத்துக்கு. விழுந்துகொண்டிருந்த எதிரியை நாங்களே ஜெயிக்க வைத்துவிட்டோம். அதாவது, நான். மருமகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பிரசாதம்போல ஏந்திக்கொண்டு நின்றேன்.

முதலில் வாய் திறந்தவர் எமரால்டுக்காரர். "ஏனுங்க தம்பி, என்ற வண்டி உழுந்துட்டு இருந்துச்சுங்க. எல்லாரும்தான பாத்தாங்க? அந்தம்மா புடிக்கலீன்னா ரெண்டு துண்டாப் போயிருக்கும். இதுல நான் செயிச்சேன்னா எப்படிங்க?"

"இல்லீங்கண்ணா" என்றாள் மருமகள். "கை வெச்சது எங்காளு. பாயிண்ட் உங்குளுக்குத்தான்."

எங்காளு என்றாள். எங்கள் வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு அத்தை. எங்காளு ஆனது அன்றைக்குத்தான், அதுவும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது. அழுவதா, பெருமைப்படுவதா?

அவர் விடவில்லை, இவளும் விடவில்லை. ஜெயிப்பதற்காக வந்த இரண்டு பேர், தோற்பதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவர் போனில் விதிகளைத் தேடித் தேடிப் படித்தார். விழுகிற ரோபோவை எதிர் டீம் அம்மா தாங்கிப் பிடித்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில், கை வைத்தது வைத்ததுதான் என்று எமரால்டுக்காரருக்கே கோப்பையைக் கொடுத்தார்கள். அவர் திருட்டுப்பொருளை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். யாரோ ஒரு பையன் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

நாங்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, போட்டி நடத்திய கம்பெனியின் அம்மாள் எமரால்டுக்காரரிடம் வேலையைப் பற்றிப் பேசுவது கேட்டது. அவர் சிரித்துவிட்டார். "நான் கோயமுத்தூர்ல போயி உக்காந்துட்டா, என்ற கேரட்டை யாருங்க எடுக்கறது?" அவர் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்த வாரம் கேரட் எடுக்க வேண்டியிருந்ததாம், மறுபடி மழை வந்தால் எல்லாம் அழுகிப்போகுமாம். அடுத்த இடம் யாருக்கு என்று அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். எங்களைத்தான் பார்த்தார்.

மருமகள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். லவ்டேல் தாண்டிய பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். கோயம்புத்தூரில் வேலை, முதலில் டிரெய்னிங், ஹாஸ்டல், சனிக்கிழமை சனிக்கிழமை வந்துவிடுவேன், உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

"தெரியும் அம்மிணி. காலைல நீ போன்ல பேசுனது கேட்டுச்சு" என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஜெயித்தால் நான் போய்விடுவேன் என்று அத்தைக்குத் தெரியும், அதனால்தான் எதிரியைப் பிடித்திருக்கிறார். வேறு எப்படி நினைப்பாள்? நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"எதுக்குங்க அத்தை புடிச்சீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பொய் சொல்ல வரவில்லை. டீக் கோப்பை பிடித்துப் பழகிய கை, தானாகப் போனது என்று சொல்லலாம். அது உண்மையாக இருக்கலாம். உன்னுடையது என்று நினைத்துத்தான் பிடித்தேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மையாக இருக்கலாம், எது எதுவென்று தெரியாமல்தானே நின்றேன். நீ போய்விடக் கூடாது என்று உள்ளே எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்துகொண்டு கையைத் தள்ளிவிட்டாளோ? அதுவும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியல கண்ணு. நெசமாவே தெரியல" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை. கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டே, "செரி, உழுந்தது என்னுதா இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"புடிச்சிருப்பேன்."

யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. காலையிலிருந்து குழம்பிக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமாக, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "அப்படிப் புடிச்சிருந்தாலும் ரூல்ஸ்படி நாம தோத்துத்தாங்க இருப்போம் அத்தை" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்தது. காலையில் கட்டிய எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. குன்னூர் வருவதற்குள் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டு முடித்தோம்.

இப்போது அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், சனிக்கிழமை வந்துவிடுகிறாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறாள். அன்றைக்கு என் கை யாருக்காகப் போனது என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன், பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவளுடையது எது விழுந்தாலும், விதி என்ன சொன்னாலும், தோற்போம் என்று தெரிந்தாலும், நான் பிடிப்பேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.